மரணக் காரணம், கீழ் வரி: பிலிப்பைன்ஸ் சினிமா பற்றி ஒரு நீண்ட இழை

பிலிப்பைன்ஸ் என்றதும் நம்மில் பலருக்கு எம்பிபிஎஸ் சீட்தான் ஞாபகம் வரும். தெரிஞ்சவங்க வீட்டுப் பிள்ளை யாராவது தாவோவிலோ மணிலாவிலோ படிச்சுட்டு இருப்பாங்க. இந்த இழை அந்த ஊர் சினிமாவைப் பற்றியது. கொஞ்சம் நீளம். டீ போட்டுட்டு வந்து உட்காருங்க.

டாக்டர் எழுதுற இழை என்பதால் ஒரு படிவத்தில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

மருத்துவமனையில் ஒருவர் இறந்தால் நாங்கள் மரணக் காரணச் சான்றிதழ் எழுத வேண்டும். நம்மூரில் படிவம் 4. உலக சுகாதார நிறுவனம் வகுத்த அமைப்பு என்பதால் பெரும்பாலான நாடுகளில் கிட்டத்தட்ட இதே வடிவம்தான். முதல் வரியில் உடனடிக் காரணம். அதற்குக் கீழே, இது எதனால் வந்தது என்று ஒரு வரி. அதற்கும் கீழே, அது எதனால் என்று இன்னொரு வரி.

ஹவுஸ் சர்ஜனாக இருக்கும்போது எல்லாரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. "இதயமும் சுவாசமும் நின்றன" என்று முதல் வரியில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவோம். செத்தவர் எல்லாருக்கும் இதயம் நின்றுதானே இருக்கும்! சீனியர்கள் பிடித்துத் திட்டுவார்கள். கீழ் வரியை எழுது, எதனால் நின்றதுன்னு எழுது என்பார்கள்.

பிலிப்பைன்ஸின் நல்ல படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் திட்டுதான் காதில் விழும். கத்திக்குத்து, துப்பாக்கிச் சூடு, கொள்ளை எல்லாம் அந்தப் படங்களில் முதல் வரி. இயக்குநர் கீழ் வரிக்குப் போய்க்கொண்டே இருப்பார். அரசாங்கம் அந்த வரியை அழித்துக்கொண்டே இருக்கும்.

1972 செப்டம்பரில் அதிபர் ஃபெர்டினாண்ட் மார்க்கோஸ் ராணுவச் சட்டத்தைக் கொண்டுவந்தார். 1981 ஜனவரி வரை அது காகிதத்தில் நீடித்தது. நடைமுறையில் 1986இல் அவர் நாட்டை விட்டு ஓடும் வரைக்கும். ஆம்னெஸ்டி கணக்குப்படி சுமார் 70,000 பேர் சிறை வைக்கப்பட்டார்கள். 34,000 பேர் சித்திரவதைக்கு ஆளானார்கள். 3,240 பேர் கொல்லப்பட்டார்கள். அந்தக் காலத்தில் ஒரு ஆங்கில வார்த்தைக்கே அர்த்தம் மாறிப்போனது. "ஸால்வேஜ்" என்றால் மற்ற ஊர்களில் மீட்பது. பிலிப்பைன்ஸில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கொன்று, உடலை எங்காவது வீசிவிட்டுப் போவது. இன்றைக்கும் அங்கே செய்தித்தாளில் அந்த அர்த்தத்தில் வரும்.

இந்தச் சூழலில் 1975இல் வந்த படம் 'மணிலா: வெளிச்சத்தின் நகங்களில்'. இயக்குநர் லினோ ப்ரோக்கா. எட்கார்டோ ரெயெஸ் எழுதி, லிவாய்வாய் வார இதழில் தொடராக வந்த நாவல்தான் மூலம். ஹூலியோ என்ற மீனவன், மரிந்துக்கே தீவிலிருந்து தன் காதலி லிகாயாவைத் தேடி மணிலாவுக்கு வருகிறான். நகரத்தில் வேலையும் படிப்பும் தருகிறேன் என்று ஒரு பெண்மணி அவளை அழைத்து வந்திருக்கிறாள். அப்புறம் தகவலே இல்லை.

கையில் காசு தீர்ந்து ஹூலியோ கட்டிட வேலைக்குப் போகிறான். அந்தக் காட்சிகளுக்காகவே இந்தப் படத்தைப் பார்க்கலாம். தினக்கூலி இரண்டரை பேசோ என்கிறார் மேஸ்திரி. சம்பள நாளில் பார்த்தால், கையெழுத்துப் போடும் தாளில் நான்கு பேசோ என்று இருக்கிறது. மீதி எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை, கேட்டால் நாளைக்கு வேலை இல்லை. இன்னொரு தந்திரமும் உண்டு. சம்பளப் பணம் இன்னும் வரவில்லை என்பார்கள். அவசரமா? கொஞ்சம் கழித்துக்கொண்டு இப்பவே தருகிறேன் என்பார் மேஸ்திரி. தன் சொந்தக் கூலியை வாங்க ஒருவன் வட்டி கட்டுகிறான். தொழிலாளிகள் இதற்கு "தைவான்" என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். சினிமாவில் சுரண்டலைக் காட்ட வில்லன் சாட்டையோடு வர வேண்டியதில்லை, ஒரு சம்பளப் பட்டியல் போதும்.

அதே கட்டிடத்தில் ஓர் இளம் தொழிலாளி உயரத்திலிருந்து விழுந்து சாகிறான். பிறகு லிகாயாவும் சாகிறாள். மாடிப்படியில் விழுந்துவிட்டாள் என்று சொல்லப்படுகிறது. அவசரச் சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்த எந்த டாக்டருக்கும் "படியில் விழுந்துட்டா" என்ற வாக்கியத்தின் கனம் தெரியும். அந்தப் பொய் முதல் வரியை ஏற்காத ஒரே ஆள் ஹூலியோ. கையில் ஐஸ் உடைக்கிற குத்தூசியோடு கிளம்புகிறான். மிச்சத்தை நான் சொல்ல மாட்டேன்.

ஒரு குறையையும் சொல்லிடறேன். படத்தின் வில்லன் ஒரு சீன வியாபாரி. அந்தப் பாத்திரத்தில் அந்தக் காலத்துச் சீன வெறுப்பு அப்படியே இருக்கிறது. நல்ல படம் என்பதற்காக அதை மறைக்க வேண்டியதில்லை.

அடுத்த வருஷமே ப்ரோக்கா 'இன்சியாங்' எடுத்தார். தோண்டோ குடிசைப் பகுதி. படம் தொடங்குவதே ஒரு பன்றி வெட்டும் கூடத்தில். 1978இல் கான் திரைப்பட விழாவுக்குப் போன முதல் பிலிப்பைன்ஸ் படம் இது. அதிபரின் மனைவி இமெல்டாவுக்கு இந்த மாதிரிப் படங்கள் ஆகாது. அவர் மணிலா பெருநகரத்தின் ஆளுநரும்கூட. வெளிநாட்டு விருந்தினர் வரும் பாதையில் குடிசைகள் தெரியாமல் இருக்கச் சுவர் எழுப்பி வெள்ளையடித்த நிர்வாகம் அவருடையது. ப்ரோக்காவின் கேமரா நின்றது அந்தச் சுவருக்கு உள்பக்கம்.

இஷ்மாயேல் பெர்னாலின் கதையைக் கேளுங்க. 1980இல் 'இரவில் மணிலா' என்று ஒரு படம் எடுத்தார். போதை, பாலியல் தொழில், தூக்கமில்லாத நகரம். தணிக்கையில் கத்தரி விழுந்தது. கூடவே, மணிலா என்ற பெயரே வரக் கூடாது என்றார்கள். கடைசியில் 'இருட்டிய பின் நகரம்' என்ற பெயரில் வெளியானது. பெர்லின் விழாவுக்கு அனுப்பவும் அனுமதி இல்லை. நோயாளி இருக்கட்டும், பெயரை மட்டும் கேஸ் ஷீட்டில் இருந்து எடுத்துடுங்க என்கிற மாதிரி.

இமெல்டாவுக்குச் சினிமா பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். ரொம்பப் பிடிக்கும். மணிலாவை ஆசியாவின் கான் ஆக்க ஆசைப்பட்டார். அதற்காகக் கிரேக்கத்தின் பார்த்தனான் கோவில் சாயலில் கடலோரமாக ஒரு பிரம்மாண்டத் திரைப்பட மையம். 1982 ஜனவரியில் விழா. நாள் நெருங்கிவிட்டதால் மூன்று ஷிப்டாக இரவு பகல் வேலை. 1981 நவம்பர் 17 அதிகாலையில் மேல்தளச் சாரம் சரிந்தது. தொழிலாளிகள் ஈரக் கான்கிரீட்டுக்குள் விழுந்து புதைந்தார்கள். எத்தனை பேர் இறந்தார்கள் என்பது இன்றுவரை சர்ச்சை. விழா மட்டும் சொன்ன தேதிக்கு நடந்தது.

ப்ரோக்காவின் கட்டிடத் தொழிலாளி திரையில் விழுந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

இப்போது நான் இந்த இழையை எழுதக் காரணமான படத்துக்கு வருகிறேன். 1984. 'பயான் கோ: காபிட் சா பதாலிம்'. தலைப்பின் முதல் பகுதிக்கு "என் நாடு" என்று பொருள். இரண்டாவது பகுதி அந்த ஊர்ப் பழமொழியில் இருந்து வருகிறது: வேறு வழியில்லாதவன் கத்தியின் கூர்முனையைக்கூடப் பிடித்துத் தொங்குவான் என்பது அதன் சாரம். திரைக்கதை ஹோசே லகாபா. ராணுவச் சட்டக் காலத்தில் சிறையில் கிடந்து சித்திரவதை அனுபவித்த எழுத்தாளர், பத்திரிகையாளர்.

தூரிங் ஓர் அச்சகத் தொழிலாளி. மனைவி கர்ப்பம், கொஞ்சம் சிக்கலான கர்ப்பம். முதலாளியிடம் முன்பணம் கேட்கிறான். சங்கத்தில் சேரக் கூடாது என்ற நிபந்தனை. கூட வேலை செய்கிறவர்கள் வேலைநிறுத்தம் செய்யும்போது இவன் உள்ளே போகிறான். கருங்காலி என்று பெயர் வாங்குகிறான். குழந்தை பிறக்கிறது. மருத்துவமனை பில் கட்டினால்தான் தாயையும் பிள்ளையையும் வெளியே விடுவோம் என்கிறார்கள்.

அப்புறம் தூரிங் தன் முதலாளி வீட்டில் கொள்ளையடிக்கப் போகிற கும்பலோடு சேருகிறான். செய்தித்தாளில் இது எப்படி வரும்? "ஆயுதக் கொள்ளையன் போலீஸ் முற்றுகையில்." முதல் வரி. கீழ் வரியில் ஒரு பிரசவ வார்டின் பில் இருக்கிறது.

பணம் கட்டாத நோயாளியைப் பிடித்து வைப்பது அந்த ஊரில் கதாசிரியர் கற்பனை இல்லை. அதைத் தடை செய்யப் பிலிப்பைன்ஸ் நாடாளுமன்றம் தனியாக ஒரு சட்டமே போட வேண்டி வந்தது. குடியரசுச் சட்டம் 9439. வருஷம் 2007. படம் வந்து 23 வருஷம் கழித்து. அதிலும் தனி அறை எடுத்துத் தங்கினவர்களுக்கு விலக்கு உண்டு. ஒரு டாக்டராக எனக்கு இந்தப் படத்தில் உறுத்துவது போலீஸ் வரும் கிளைமாக்ஸ் இல்லை. பில் கவுன்ட்டர்தான். அங்கே உட்கார்ந்திருப்பவர் கெட்டவர் கிடையாது. விதிமுறையைப் படித்துக் காட்டுகிறார், அவ்வளவுதான். அந்தக் கவுன்ட்டரின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் எங்கள் எல்லாருக்கும் அந்தக் குரல் பழக்கம்.

இந்தப் படத்தை அரசு என்ன பாடுபடுத்தியது என்பது தனிக்கதை. தணிக்கை வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கான் விழாவுக்குப் பிரதியை ரகசியமாகத்தான் கொண்டு போனார்கள். 1985இல் ஜீப்னி ஓட்டுநர்களின் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாகப் போன ப்ரோக்காவைப் பிடித்து உள்ளே வைத்தார்கள்.

1986 பிப்ரவரியில் லட்சக்கணக்கான மக்கள் எட்சா சாலையில் இறங்கினார்கள். மார்க்கோஸ் குடும்பம் ஹவாய்க்குப் பறந்தது. கோரி அகினோ அதிபரானார். புதிய அரசியல் சாசனத்தை எழுதிய குழுவில் ப்ரோக்காவையும் சேர்த்தார்கள். பாதியில் விலகி வெளியே வந்துவிட்டார். 1989இல் 'ஓராப்ரோநோபிஸ்' எடுத்தார். புதிய ஜனநாயக ஆட்சியிலும் கிராமங்களில் ஆயுதக் கும்பல்கள், ராணுவத்தின் ஆசியோடு, கம்யூனிஸ்ட் என்று சொல்லி ஆட்களைக் கொல்வதைப் பற்றிய படம். ஜனநாயகம் வந்த பிறகும் அவருடைய ஊரில் அது தியேட்டருக்கு வரவில்லை. எனக்கு ப்ரோக்கா மேல் மரியாதை கூடியது இந்தப் படத்தால்தான். தன் பக்கம் ஜெயித்த பிறகும் கீழ் வரியை எழுதினார். 1991இல் ஒரு கார் விபத்தில் இறந்துபோனார். ஐம்பத்திரண்டு வயது.

தொண்ணூறுகளை வேகமாகத் தாண்டுவோம். டிஜிட்டல் கேமரா வந்ததும் படமெடுப்பது மலிவானது. புது ஆட்கள் தெருவில் இறங்கினார்கள். அவர்களில் உலகம் அதிகம் பேசியது பிரில்லாந்தே மெண்டோசாவை. 2009இல் 'கினாதாய்' படத்துக்குக் கானில் சிறந்த இயக்குநர் விருது. ஏழ்மையை வெளிநாட்டு விழாக்களுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு பிலிப்பைன்ஸுக்குள்ளேயே உண்டு. சில படங்களைப் பொறுத்தவரை எனக்கும் அதில் உடன்பாடுதான். 'கினாதாய்' பார்த்துவிட்டு எனக்கு வயிறு கலங்கியது, வேறொன்றும் மிஞ்சவில்லை. பிரேதப் பரிசோதனைக் கூடத்தில் நின்று பழகியவன் சொல்கிறேன்.

ஆனால் 2016இல் அவர் எடுத்த 'மா ரோசா' வேறு ரகம். ரோசா தெருமுனையில் பெட்டிக்கடை நடத்துகிறார். சோப்பு, நூடுல்ஸ், மிட்டாயோடு கொஞ்சம் "ஐஸ்" பொட்டலமும் விற்பார். ஐஸ் என்றால் மெத்தாம்பெட்டமைன், அங்கே ஷாபு என்பார்கள். ஒரு மழை இரவில் போலீஸ் புருஷனையும் பெண்டாட்டியையும் அள்ளிக்கொண்டு போகிறது. வழக்குப் பதிவு எதுவும் கிடையாது. ஸ்டேஷனின் பின்கட்டில் வைத்துப் பேரம். பிள்ளைகள் பணம் தேட ஓடுகிறார்கள். ஒருவன் வீட்டு டிவியைத் தூக்கிக்கொண்டு போய் விற்கிறான். ஒருத்தி சொந்தக்காரர் வீடு வீடாகப் போய்த் திட்டு வாங்கிக்கொண்டு கடன் கேட்கிறாள். இன்னொருவன் தன் உடம்பையே விற்கிறான்.

போலீஸ்காரர்கள் யாரும் கத்துவதில்லை. சிக்கன் வாங்கி வரச் சொல்கிறார்கள், சிரிக்கிறார்கள், கணக்குப் பார்க்கிறார்கள். ஹூலியோவின் சம்பளப் பட்டியல், தூரிங்கின் மருத்துவமனை பில், இப்போது ரோசாவின் லஞ்சக் கணக்கு. நாற்பது வருஷத்தில் அதே சில்லறைக் கணக்கு கை மாறி வந்துகொண்டே இருக்கிறது.

ரோசாவாக நடித்த ஜாக்லின் ஜோஸுக்குக் கானில் சிறந்த நடிகை விருது கிடைத்தது. மே 2016. அதே மாதம்தான் ரொட்ரிகோ துதெர்த்தே அதிபர் தேர்தலில் ஜெயித்தார். இருபது வருஷத்துக்கும் மேல் தாவோ நகர மேயராக இருந்தவர். ஜூன் கடைசியில் பதவியேற்றதும் "போதைப்பொருளுக்கு எதிரான போர்". ரோசா மாதிரியான ஆட்களுக்குப் பேரம்கூட இல்லாமல் போனது. போலீஸ் நடவடிக்கைகளில் மட்டும் 6,200க்கும் மேற்பட்டோர் செத்ததாக அரசே ஒப்புக்கொண்டது. முகமூடி போட்டு மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் சுட்டதையும் சேர்த்தால் முப்பதாயிரம் வரை போகலாம் என்கின்றன மனித உரிமை அமைப்புகள். இதில் கசப்பான ஒரு தகவல்: துதெர்த்தேயின் 2016, 2017 நாடாளுமன்ற உரைகளை நேரலைக்காக இயக்கிக் கொடுத்தவர் மெண்டோசாதான். கலைஞனிடம் எல்லாவற்றையும் எதிர்பார்க்கக் கூடாது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். எனக்குச் சமாதானம் ஆகவில்லை.

இங்கேதான் எங்கள் தொழில் உள்ளே வருகிறது.

போலீஸ் அறிக்கைகளில் திரும்பத் திரும்ப ஒரே வார்த்தை: "நன்லபான்". எதிர்த்துச் சண்டை போட்டான் என்று அர்த்தம். சுடப்பட்டவர்களை மருத்துவமனைக்குக் கொண்டு வருவார்கள். உயிர் காக்கத்தான் கொண்டு வந்தோம் என்பார்கள். பல உடல்கள் வந்து சேரும்போதே உயிரற்றவை என்று ராய்ட்டர்ஸ் 2017இல் விசாரித்து எழுதியது. உடலை அப்புறப்படுத்திவிட்டால் சம்பவ இடத்தில் தடயம் இருக்காது. காஷுவால்டி டாக்டரின் பதிவேட்டில் "வரும்போதே இறந்திருந்தார்" என்ற ஒரு வரி மட்டும் இருக்கும்.

அந்தக் காலத்தைப் பற்றி அலிக்ஸ் ஆயின் அரும்பாக் எடுத்த ஆவணப்படம் 'அஸ்வாங்', 2019. அஸ்வாங் என்பது பாட்டிக் கதைகளில் உருமாறி வந்து ஆளைத் தின்னும் பேய். பெற்றோர் இருவரும் சிறையில் இருக்க, தெருவில் வளரும் ஒரு சிறுவனைப் பின்தொடர்கிறது கேமரா. தோண்டோ போலீஸ் நிலையத்தில் புத்தக அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்த ரகசிய லாக்கப்பும் இதில் வருகிறது. 2017இல் மனித உரிமை ஆணையம் அதைத் திறந்தபோது உள்ளே ஆட்கள் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். சினிமாவில் இதைக் கதையாக எழுதியிருந்தால் மிகை என்று சொல்லியிருப்போம்.

2017இலேயே வந்த 'ரெஸ்பெத்தோ'வையும் சொல்லணும். ராப் பாடகனாக ஆசைப்படும் ஏழைப் பையன், பழைய புத்தகக் கடை வைத்திருக்கும் ஒரு கிழவர். பையன் அந்தக் கடையில் திருடப் போய் மாட்டிக்கொள்கிறான். கிழவர் ராணுவச் சட்டக் காலத்தைத் தாண்டி வந்த கவிஞர். அவருக்கு அந்தப் பழைய இரவுகள் ஞாபகத்தில். பையனுக்கு அதே இரவுகள் தன் தெருவில். மார்க்கோஸ் காலத்தையும் துதெர்த்தே காலத்தையும் ஒரே கடைக்குள் உட்கார வைத்த படம்.

ஞாபகம் என்று சொன்னேன். 2013இல் பிலிப்பைன்ஸ் ஒரு சட்டம் போட்டது. ராணுவச் சட்டக் காலத்தில் பாதிக்கப்பட்டவர்களை அரசே அங்கீகரித்து, மார்க்கோஸின் ஸ்விஸ் வங்கிப் பணத்திலிருந்து இழப்பீடு தரும் சட்டம். விண்ணப்பங்களைச் சலித்து 11,103 பேரை ஏற்றுக்கொண்டார்கள். பேர், வழக்கு எல்லாம் அரசுப் பதிவில் இருக்கிறது.

2022 மே மாதம் மார்க்கோஸின் மகன் 3 கோடிக்கும் மேற்பட்ட வாக்குகளில் அதிபரானார். ஆகஸ்டில் ஒரு படம் வந்தது: 'மலக்கான்யாங்கில் பணிப்பெண்'. 1986இல் அரண்மனையில் மார்க்கோஸ் குடும்பம் கழித்த கடைசி நாட்களை வேலைக்காரப் பெண்களின் கண் வழியே காட்டும் உருக்கமான குடும்பப் படம். தயாரிப்பில் மார்க்கோஸின் மகள் இமீ. கோரி அகினோவை நினைவூட்டும் ஒரு பாத்திரம் அந்த நெருக்கடி நேரத்தில் கன்னியாஸ்திரிகளோடு உட்கார்ந்து மாஜோங் ஆடுவது போல ஒரு காட்சி. அவருக்கு அப்போது அடைக்கலம் கொடுத்த செபு கார்மலைட் மடத்திலிருந்து உடனே மறுப்பு வந்தது: நாங்கள் அன்றைக்கு ஜெபமும் நோன்புமாக இருந்தோம். அதே வாரத்தில் 'காதிப்ஸ்' என்ற எதிர்த்தரப்புப் படமும், மாணவப் போராளிகளைப் பற்றியது, திரையரங்குகளில் ஓடியது. இரண்டுமே பெரிய கலைப் படைப்புகள் கிடையாது. ஆனால் ஒரு நாடு தன் கேஸ் ஷீட்டை யார் எழுதுவது என்று தியேட்டர் வாசலில் சண்டை போட்டதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இப்போ படிவத்துக்குத் திரும்பறேன்.

மணிலாவில் ஏழைகளின் கல்லறை பெரும்பாலும் வாடகைதான். அடுக்கடுக்கான சிமெண்ட் அறைகள், வழக்கமாக ஐந்து வருஷக் குத்தகை. புதுப்பிக்கக் காசு கட்டாவிட்டால் எலும்பை எடுத்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். 2016இல் சுடப்பட்டவர்களின் குத்தகை 2021இல் முடியத் தொடங்கியது. குடும்பங்களிடம் பணம் இல்லை. ஃபாதர் ஃப்ளாவியானோ வில்லானுவேவா என்ற பாதிரியார் அந்த எச்சங்களை மரியாதையோடு எடுத்துத் தகனம் செய்ய ஏற்பாடு செய்தார். தகனத்துக்கு முன்னால் அவற்றைப் பரிசோதித்தவர் டாக்டர் ராகெல் ஃபோர்துன். நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய தடயவியல் நோய்க்குறியியல் நிபுணர்களில் ஒருவர்.

எலும்பில் குண்டு துளைத்த ஓட்டை இருக்கிறது. கூட இருக்கும் இறப்புச் சான்றிதழில் சிலருக்கு இயற்கை மரணம் என்று இருக்கிறது. நிமோனியா என்றுகூட. கீழே ஒரு டாக்டரின் கையெழுத்து.

அந்தக் கையெழுத்தைப் போட்டவருக்கு என்ன நெருக்கடி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அந்தக் குடும்பத்துக்குப் பிணத்தைச் சீக்கிரம் வாங்கி அடக்கம் செய்ய வேண்டியிருந்திருக்கலாம். நான் அந்த இடத்தில் நின்றிருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று யோசித்தபடி ஒரு ராத்திரி தூங்கவில்லை, அது மட்டும் தெரியும். துதெர்த்தே 2025 மார்ச்சில் கைதாகி ஹேக் நகரத்துச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்குக் கொண்டு போகப்பட்டார்.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்பீங்க. 'மணிலா'வும் 'இன்சியாங்'கும் மீட்டெடுக்கப்பட்டு நல்ல பிரதியாகக் கிடைக்கின்றன. முதலில் 'மணிலா'. அடுத்து நேராக 'மா ரோசா'. அதன் கடைசிக் காட்சியில் ரோசா தெருவோர வண்டியில் குச்சியில் குத்திய மீன் உருண்டை வாங்கித் தின்றுகொண்டே, எதிரே ஒரு குடும்பம் தன் வண்டிக்கடையை மூடிக் கட்டுவதைப் பார்ப்பார். வாய் மென்றுகொண்டே இருக்கும், கண் நிறைந்துவிடும். அதுவரைக்கும் எழுந்து போகாம உட்கார்ந்து பாருங்க. 'கினாதாய்' பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம், குறிப்பாக ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்.